சிறு ஆர்.என்.ஏ. உற்பத்தியில் ஒரு புரதத்துக்குப் பங்கு உண்டா? சேலம், ஏற்காடு ஆய்வகங்களுக்கான செய்முறை

ஆர்.என்.ஏ.வைப் பற்றும் புரதம் ஒன்றை ஒரு செடியில் முடக்குகிறோம். அந்தச் செடியின் இலையில் ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. (மற்ற மரபணுக்களை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ. வகை) பாதியாகக் குறைந்திருக்கிறது. உடனே, "இந்தப் புரதம் மைக்ரோ ஆர்.என்.ஏ. உற்பத்திக்குத் தேவை" என்று ஆய்வேட்டில் எழுதிவிடத் தோன்றும். அந்த ஒற்றை அளவு அவ்வளவு சொல்லாது. ஆத்தூர்ப் பக்கத்துச் சேகோ ஆலையில் ஜவ்வரிசி குறைந்தால் மூன்று இடங்களில் தேட வேண்டும். கிழங்கு முற்றத்தில் குவிந்து கிடந்தால் கோளாறு அரவையில். கிழங்கே வரவில்லை என்றால் கோளாறு காட்டில். கிழங்கும் வந்து, அரவையும் ஓடி, மூட்டை மட்டும் குறைந்தால் கோளாறு கிடங்கில். மைக்ரோ ஆர்.என்.ஏ.விலும் இதே மூன்று இடங்கள்தான்: படியெடுப்பு, வெட்டு, நிலைப்பு. ஒரே சாம்பிளில் மூன்றையும் அளந்து, தவறு எந்த இடத்தில் என்று பிரித்துக் காட்டும் வழியை இங்கே எழுதுகிறோம். முதுகலை, முனைவர் பட்ட மாணவர்களை மனத்தில் வைத்து எழுதியது, பி.சி.ஆர். தெரியும் என்று வைத்துக்கொள்கிறோம்.

வெட்டும் இடத்தில் யார் யார்

மைக்ரோ ஆர்.என்.ஏ. மரபணுவை ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 படியெடுக்கிறது. முன்பக்கம் தொப்பியும் பின்பக்கம் அடினின் வாலும் கொண்ட இந்த நீண்ட படியை இனி 'முன்னோடி' என்போம். அது தன்மேல் தானே மடங்கிக் கொண்டை ஊசி வடிவம் எடுக்கிறது. டிசிஎல்1 என்ற நொதி அந்த மடிப்பை இரண்டு முறை வெட்டி, பெரும்பாலும் 21 நியூக்ளியோடைடு நீளமுள்ள இரட்டை இழையை விடுவிக்கிறது. செடியில் இந்த வேலை முழுக்க உட்கருவுக்குள்ளேயே நடக்கிறது. விலங்குகளில் முதல் வெட்டு உட்கருவில், இரண்டாவது வெளியே. ஆகவே விலங்கு செல்லுக்கு எழுதிய செய்முறையை அப்படியே எடுத்தாள வேண்டாம்.

டிசிஎல்1 தனியாகவும் வெட்டும், ஆனால் மெதுவாகவும் இடம் பிசகியும் வெட்டும். இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைப் பற்றும் பகுதிகள் இரண்டைக் கொண்ட ஹைல்1 பக்கத்தில் நின்றால்தான் வெட்டு சரியான இடத்தில் விழுகிறது. துத்தநாக விரல் பகுதி உள்ள செரேட் என்ற புரதம் வேகத்தையும் துல்லியத்தையும் கூட்டுகிறது. ஹைல்1-இன் பங்கு 2004-லும், செரேட்டின் பங்கு 2006-லும், ஆய்வகங்களில் மாதிரியாக வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் தெரியவந்தன. இவற்றைச் சுற்றி ஒரு கூட்டமே இருக்கிறது. தொப்பியைப் பற்றும் சிபிபி20, சிபிபி80 இரண்டும் முன்னோடி வெட்டுக்குப் போக உதவுகின்றன. டஃப் என்ற புரதம் முன்னோடியைப் பற்றி வெட்டைத் தூண்டுகிறது. டாடில், வெட்டுப்படும்வரை முன்னோடி சிதையாமல் காக்கிறது. எதிர்த்திசையில் இழுப்பவையும் உண்டு. கிளைசின் மிகுந்த ஜிஆர்பி7 புரதத்தைக் கூடுதலாக உண்டாக்கினால் சில முன்னோடிகள் தேங்கி, அவற்றின் மைக்ரோ ஆர்.என்.ஏ. குறைவதை 2014-ல் காட்டினார்கள்.

வெட்டு முடிந்த பிறகு ஹென்1 நொதி இரு இழைகளின் 3' முனைக்கும் மெத்தில் தொகுதி போடுகிறது. அது இல்லாவிட்டால் முனையில் யூரிடின் ஒட்டி, இழை சிதைந்துவிடும். கடைசியில், மைக்ரோ ஆர்.என்.ஏ.வை ஏந்தி இலக்கை அடக்கும் ஆகோ1 புரதம் ஓர் இழையை ஏற்றுக்கொள்கிறது.

இன்னொரு குறிப்பு, பின்னால் தேவைப்படும்: டிசிஎல்1-இன் செய்தி ஆர்.என்.ஏ.வை மைக்ரோ ஆர்.என்.ஏ. 162 வெட்டுகிறது, ஆகோ1-இன் செய்தியை 168 வெட்டுகிறது. நீங்கள் முடக்கிய புரதம் 162-ஐக் குறைத்தால் டிசிஎல்1 ஏறும். அது மற்ற முடிவுகளைக் குழப்பும். எனவே எந்தச் சோதனையிலும் டிசிஎல்1, ஹைல்1, செரேட், ஆகோ1 நான்கின் செய்தி அளவையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ஒரு பிளேட் கூடுதல் செலவுதான்.

எந்தச் செடி

அராபிடாப்சிஸின் ஹைல்1-2, செரேட்-1 போன்ற பிறழ்வு விதைகள் விதை வங்கிகளில் கிடைக்கின்றன. ஆனால் இறக்குமதிக்குத் தேசியத் தாவர மரபணு வளப் பணியகத்தின் அனுமதி வேண்டும். டி-டி.என்.ஏ. (அக்ரோபாக்டீரியம் செடிக்குள் கடத்தும் டி.என்.ஏ. துண்டு) செருகிய வகைகள் மரபணு மாற்றப்பட்டவை என்பதால் உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும் தேவை. தாள்கள் நகர மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். திட்டத்தின் முதல் வாரத்திலேயே விண்ணப்பம் போக வேண்டும்.

கையில் இருப்பதை வைத்துத் தொடங்க, புகையிலை இனத்தைச் சேர்ந்த நிக்கோடியானா பெந்தாமியானா போதும். இலையில் அக்ரோபாக்டீரியத்தைச் செலுத்தி, முன்னோடியையும் சோதிக்கும் புரதத்தையும் ஒரே இலையில் உண்டாக்கிப் பார்க்கலாம். இதற்கு அராபிடாப்சிஸின் மைக்ரோ ஆர்.என்.ஏ. 163 நல்ல தேர்வு. அது டிசிஎல்1 வெட்டுவதுதான், ஆனால் 24 நியூக்ளியோடைடு நீளம். பெந்தாமியானாவில் அது இல்லாததால், தெரியும் பட்டை முழுக்க நீங்கள் கொடுத்ததிலிருந்து வந்தது என்று சொல்ல முடியும்.

மரவள்ளியில் வேலை செய்ய ஆசைப்படுவது சேலத்தில் இயல்பு. ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. முள்ளுவாடி, குங்கும ரோஸ் வகைகள் வயலெங்கும் கிடைக்கின்றன. சிக்கல் தேமல் நோய். மரவள்ளி குச்சியில் பெருகுவதால் வைரஸும் குச்சியோடு வருகிறது. வைரஸ் உள்ள இலையில் வைரஸிலிருந்து பிறந்த 21, 22, 24 நீளச் சிறு ஆர்.என்.ஏ.க்கள் குவிந்திருக்கும். போதாததற்கு, வைரஸின் சில புரதங்கள் மைக்ரோ ஆர்.என்.ஏ. பாதையிலேயே கை வைக்கும். ஆப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸ் ஒன்றின் ஏசி4 புரதம் முதிர்ந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வையே பற்றிக்கொள்கிறது. இலையில் மஞ்சள் திட்டு தெரியவில்லை என்பது வைரஸ் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. ஒவ்வொரு செடியையும் இந்திய, இலங்கை வகைத் தேமல் வைரஸ்கள் இரண்டுக்கும் பி.சி.ஆர். செய்து பார்த்துவிட்டு, திசு வளர்ப்புச் செடியோடு ஒப்பிடுங்கள்.

ஏற்காட்டுக் காப்பி இலையும் கிடைக்கும். அராபிகாவில் ஃபீனால் அதிகம், அதற்குரிய ஆர்.என்.ஏ. முறை கீழே வருகிறது. எஸ்டேட்டில் முதலாளியிடம் கேட்டுப் பறியுங்கள். சேர்வராயன் மலைக் காட்டுச் செடி என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் இலையைத் தொட வேண்டாம்.

வெயில், இருட்டு, மின்வெட்டு

இங்கே அதிகம் சறுக்குவது வேதியியலில் அல்ல, தட்பவெப்பத்தில். சேலத்தில் ஏப்ரல், மே பகல் 38 டிகிரி என்பது சாதாரணம். மேலே ஏறி 1,500 மீட்டர் உயர ஏற்காட்டுக்குப் போனால் கதையே வேறு. சிறு ஆர்.என்.ஏ. உற்பத்தி வெப்பத்தோடு நேரடியாக மாறுகிறது. பெந்தாமியானாவில் 15 டிகிரியில் வைரஸுக்கு எதிரான சிறு ஆர்.என்.ஏ. மிகக் குறைவு, 27 டிகிரியில் மிக அதிகம். மரவள்ளித் தேமலில் 25-லிருந்து 30 டிகிரிக்கு உயர்த்தினால் அறிகுறி குறைந்து, வைரஸ் சார்ந்த சிறு ஆர்.என்.ஏ. ஏறுகிறது. அராபிடாப்சிஸில் எஃப்சிஏ என்ற ஆர்.என்.ஏ. பற்றும் புரதம், வெப்பத்தைப் பொறுத்து மைக்ரோ ஆர்.என்.ஏ. 172-இன் முன்னோடி வெட்டுப்படுவதை மாற்றுகிறது. ஆகவே கட்டுப்பாட்டுச் செடி ஏற்காட்டிலும் சோதனைச் செடி சேலத்திலும் வளர்ந்தால், நீங்கள் அளப்பது புரதத்தை அல்ல, மலையின் உயரத்தை.

ஒளியும் அப்படித்தான். நீண்ட இருட்டில் ஹைல்1 புரதம் சிதைக்கப்பட்டுக் குறைகிறது. மிஞ்சுவதும் பெரும்பாலும் பாஸ்பேட் ஏறிய, வேலை செய்யாத வடிவில் உட்கருவில் தங்குகிறது. வளர்ப்பு அறையில் பகலில் மூன்று மணி நேரம் விளக்கு அணைந்தால் அன்றைய சாம்பிளை எடுக்காதீர்கள். இரண்டு முழு ஒளிச் சுழற்சி கழிந்த பிறகு எடுங்கள். குளிர்சாதனத்துக்கு ஜெனரேட்டர் வைத்துவிட்டு விளக்கை மறப்பது பல இடங்களில் நடக்கிறது, எல்.ஈ.டி. விளக்குக்குச் சாதாரண வீட்டு இன்வெர்ட்டரே தாங்கும். அறுவடையை எப்போதும் விளக்கு எரியத் தொடங்கி அதே நேரத்தில், உதாரணத்துக்கு நான்காம் மணியில், செய்யுங்கள்.

அளவுகள்: அராபிடாப்சிஸ் 22 டிகிரி, 16 மணி ஒளி, பெந்தாமியானா 22 முதல் 25 டிகிரி. அக்ரோபாக்டீரியம் செலுத்திய பிறகு 28 டிகிரியைத் தாண்டக் கூடாது. அதற்கு மேல் டி.என்.ஏ.வைச் செடிக்குள் கடத்தும் அமைப்பே சரியாக உருவாவதில்லை. கோடையில் "இலையில் புரதம் வரவில்லை" என்று பிளாஸ்மிடைக் குறை சொல்லும் முன், இரவில் ஏ.சி.யை யார் அணைத்தார்கள் என்று விசாரியுங்கள். பாக்டீரியத்தை வளர்ப்பதும் 28 டிகிரியில்தான், ஈ.கோலைக்கு வைத்த 37 டிகிரி இன்குபேட்டரில் அதை வைக்காதீர்கள்.

இலையில் செலுத்துதல்

அக்ரோபாக்டீரியத்தின் ஜிவி3101 வகையை ஓர் இரவு வளர்த்து, சுழற்றி இறக்கி, 10 மில்லிமோலார் எம்.ஈ.எஸ். (பிஎச் 5.6), 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 150 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன் கலந்த நீரில் கரையுங்கள். 600 நானோமீட்டரில் ஒளி அடர்த்தி ஒவ்வொன்றும் 0.5 இருக்கட்டும். அறை வெப்பத்தில் 2 முதல் 3 மணி நேரம் வைத்துவிட்டு, ஊசி இல்லாத 1 மி.லி. சிரிஞ்சால் இலையின் அடிப்பக்கத்தில் செலுத்துங்கள். நான்கு, ஐந்து வாரச் செடி. மேலிருந்து மூன்றாவது, நான்காவது இலை.

ஒரே இலையின் இடப்பாதியில் முன்னோடியும் ஒளிர்புரதமும். வலப்பாதியில் முன்னோடியும் உங்கள் புரதமும். இரண்டு பாதியிலும் மொத்த பாக்டீரிய அடர்த்தி சமமாக இருக்க வேண்டும். சும்மா நீரை வைத்து ஒப்பிட்டால் பாக்டீரியத்துக்கு எதிரான செடியின் எதிர்வினையைத்தான் அளப்பீர்கள். 48 முதல் 72 மணி நேரத்துக்குள் அறுவடை.

புரத அளவு கூடட்டும் என்று, செடியின் ஆர்.என்.ஏ. அடக்கலைத் தடுக்கும் வைரஸ் புரதமான பி19-ஐச் சேர்ப்பது ஆய்வகங்களில் பழகிப்போன வழக்கம். இந்தச் சோதனையில் அதைத் தொடாதீர்கள். 21 நீள இரட்டை இழையைப் பற்றுவதுதான் பி19-இன் வேலையே, மைக்ரோ ஆர்.என்.ஏ. இரட்டையையும் அது பிடித்துவைக்கும். ஹெச்சி-ப்ரோ போன்ற மற்ற வைரஸ் அடக்கிகளும் இதே காரணத்தால் வேண்டாம்.

ஆர்.என்.ஏ.: சிறியதும் பெரியதும் ஒரே ட்யூபில்

இந்தச் சோதனைக்கு முன்னோடியும் (நூற்றுக்கணக்கான நியூக்ளியோடைடு) முதிர்ந்ததும் (21) ஒரே பிரித்தெடுப்பில் கிடைக்க வேண்டும். கைவசம் உள்ள செய்முறைகள் பல இதில் ஒன்றைத் தொலைத்துவிடும்.

இலையைப் பறித்த நொடியில் திரவ நைட்ரஜனில் போடுங்கள். கால்நடைச் சினை ஊசிக் குப்பிகளுக்கு நைட்ரஜன் நிரப்பும் இடங்கள் வழியாக மாவட்டத்தில் அது கிடைக்கும். மலையிலிருந்து கொண்டுவரக் கலன் இல்லையென்றால் அம்மோனியம் சல்ஃபேட் கரைசல் செய்துகொள்ளலாம்: 935 மி.லி. நீரில் 700 கிராம் அம்மோனியம் சல்ஃபேட், 1 மோலார் சோடியம் சிட்ரேட் 25 மி.லி., 0.5 மோலார் ஈ.டி.டி.ஏ. 40 மி.லி. சேர்த்து, சூடாக்கிக் கரைத்து, பிஎச்-ஐ 5.2-க்குக் கொண்டுவாருங்கள். காப்பி இலையின் மெழுகுத் தோலைத் தாண்டி இது லேசில் உள்ளே போகாது. 5 மில்லிமீட்டருக்கும் மெல்லிய கீற்றாக அரிந்து, பெரிய சிரிஞ்சில் போட்டு, வாயை அடைத்துப் பிளங்கரை இழுத்துக் காற்றை வெளியேற்றி ஊறவையுங்கள். கீற்றுகள் அடியில் மூழ்கினால் கரைசல் உள்ளே போய்விட்டது என்று பொருள்.

அராபிடாப்சிஸ், பெந்தாமியானா இலைக்கு டிரைசால் போதும். மரவள்ளிக்கும் காப்பிக்கும் போதாது: பழுப்பு நிற, கோந்து போன்ற படிவுதான் கிடைக்கும். அவற்றுக்கு சி.டி.ஏ.பி. முறை: சி.டி.ஏ.பி. 2 சதவீதம், பி.வி.பி. 2 சதவீதம், டிரிஸ் (பிஎச் 8.0) 100 மில்லிமோலார், ஈ.டி.டி.ஏ. 25 மில்லிமோலார், சோடியம் குளோரைடு 2 மோலார். மெர்காப்டோ எத்தனால் 2 சதவீதத்தைப் பயன்படுத்தும்போது மட்டும் சேருங்கள். 65 டிகிரியில் சூடாக்கிய 1 மி.லி. பஃபரில் 100 மில்லிகிராம் இலைத்தூள். தூளை அதிகம் போட்டால் அதிகம் கிடைக்கும் என்பது இங்கே செல்லாது, கோந்துதான் கூடும். தூள் உருகும் முன் பஃபரில் விழ வேண்டும். 65 டிகிரியில் 10 நிமிடம், நடுநடுவே குலுக்கல். பிறகு குளோரோஃபார்ம்-ஐசோஅமைல் ஆல்கஹால் (24:1) சம அளவு சேர்த்துக் கலக்கிச் சுழற்றுங்கள். மேல்நீரை எடுத்து மறுபடி ஒருமுறை. நடுப்படலம் வெள்ளையாகத் தடித்திருந்தால் மூன்றாவது முறையும் செய்யுங்கள்.

அடுத்த படிதான் பொறி. பழைய செய்முறைகள் இங்கே லித்தியம் குளோரைடு சேர்க்கச் சொல்லும். அது பெரிய ஆர்.என்.ஏ.வை அழகாகப் படியவைக்கும். சுமார் 200 நியூக்ளியோடைடுக்குக் கீழே உள்ளவை மேல்நீரிலேயே நின்றுவிடும், மேல்நீர் குப்பைக்குப் போய்விடும். சாதாரண சிலிக்கா வடிகுழாய்களிலும் இதே கதை: எத்தனால் குறைவாகச் சேர்க்கும் கிட்டில் சிறு ஆர்.என்.ஏ. வழிந்தோடிவிடும். அதனால் மேல்நீரில் சம அளவு ஐசோபுரோப்பனால் சேர்த்து, மைனஸ் 20-ல் ஒரு மணி நேரம் வைத்து, 4 டிகிரியில் 12,000 ஜி-யில் 20 நிமிடம் சுழற்றுங்கள். படிவை 1 மி.லி. டிரைசாலில் கரைத்து வழக்கம்போலத் தொடர்ந்தால் சர்க்கரைக் கசடும் கழியும். கழுவ 70 அல்ல, 80 சதவீத எத்தனால் பயன்படுத்துங்கள். நீர் கூடினால் சிறு ஆர்.என்.ஏ. கரைந்துபோகும்.

பின்பு டி.என்.ஏ.வைச் சிதைக்கும் டி.என்.ஏஸ் நொதி. இதைத் தவிர்க்கவே கூடாது. முன்னோடி செல்லில் மிகக் குறைவு, மரபணு டி.என்.ஏ. துளி இருந்தாலும் பி.சி.ஆர். அதைத்தான் பெருக்கும். ஒவ்வொரு சாம்பிளுக்கும் எதிர்ப்படியாக்க நொதி சேர்க்காத ஒரு குழி வையுங்கள். அதற்கும் உண்மைச் சாம்பிளுக்கும் இடையே குறைந்தது 7 சுழற்சி வித்தியாசம் இல்லையென்றால் அந்த முன்னோடி அளவை நம்பாதீர்கள்.

தரம்: 260/280 விகிதம் 1.8 முதல் 2.1, 260/230 விகிதம் 1.8-க்கு மேல். அகரோஸ் ஜெல்லில் 25எஸ், 18எஸ் பட்டைகள் கூர்மையாகவும், அடியில் 5எஸ்-கடத்து ஆர்.என்.ஏ. பட்டை தெளிவாகவும் தெரிய வேண்டும். அடிப்பட்டை இல்லாமல் மேற்பட்டைகள் மட்டும் பளிச்சென்று இருந்தால் சிறு ஆர்.என்.ஏ. எங்கோ போய்விட்டது. பல நாள் சேமிப்புக்கு, மின்சாரம் நம்பக்கூடியதாக இல்லாத இடத்தில், நீரில் கரைத்து மைனஸ் 80-ல் வைப்பதைவிட எத்தனாலுக்குள் படிவாகவே மைனஸ் 20-ல் வைப்பது பாதுகாப்பு.

மூன்று அளவுகள்

முன்னோடிக்கு: தன்னிச்சை ஹெக்ஸாமர் கொண்டு படியாக்கம், பிறகு அளவறி பி.சி.ஆர். பிரைமர் ஜோடி டிசிஎல்1 வெட்டும் இடத்தின் இரு பக்கமும் அமைய வேண்டும். வெட்டுக்கு வெளியே இரண்டும் ஒரே பக்கம் இருந்தால், வெட்டுப்பட்ட துண்டும் சேர்ந்து பெருகி, "முன்னோடி தேங்கவில்லை" என்ற பொய்யைச் சொல்லும். கொண்டை ஊசியின் தண்டுக்குள்ளேயே பிரைமர் வைத்தால் மடிப்பு இறுக்கத்தால் பெருக்கம் மந்தமாகும். தண்டுக்கு வெளியே இருபுறமும் வையுங்கள். ஒப்பீட்டுக்கு பிபி2ஏ போன்ற நிலையான மரபணு.

முதிர்ந்ததற்கு: தண்டு-வளைவு பிரைமர். அதன் 3' முனையில் உள்ள ஆறு எழுத்துகள் (நியூக்ளியோடைடுகள்) மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் கடைசி ஆறோடு பொருந்தும். படியாக்கம்: 16 டிகிரியில் 30 நிமிடம், பிறகு 30 டிகிரி 30 நொடி, 42 டிகிரி 30 நொடி, 50 டிகிரி 1 நொடி என 60 சுழற்சி, கடைசியில் 85 டிகிரி 5 நிமிடம். ஒப்பீட்டுக்கு யு6 என்ற உட்கருச் சிறு ஆர்.என்.ஏ. இன்னொரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வை ஒப்பீடாக வைக்காதீர்கள். வெட்டுப் புரதம் போனால் அதுவும் கூடவே போகும்.

இந்த பிரைமரிடம் ஒரு குறை உண்டு. புரதம் இல்லாமல் வெட்டு ஓரிரண்டு எழுத்து தள்ளி விழுந்தால், 3' முனை பொருந்தாமல் பி.சி.ஆர். அதைப் பார்க்காது. 'குறைந்துவிட்டது' என்று தெரிவது உண்மையில் 'நகர்ந்துவிட்டது' என்பதாக இருக்கலாம். அதனால்தான், ஆர்.என்.ஏ.வை ஜெல்லில் நீளவாரியாகப் பிரித்து, சவ்வுக்கு மாற்றி, புரோப்பால் கண்டறியும் நார்தர்ன் பிளாட் முறை இன்னும் சாகவில்லை. 7 மோலார் யூரியா கலந்த 15 சதவீத அக்ரிலமைடு ஜெல், சாம்பிளுக்கு 20 மைக்ரோகிராம் ஆர்.என்.ஏ. புரோமோஃபீனால் நீலம் சுமார் 10 எழுத்து நீளத்தோடும், சைலீன் சயனால் சுமார் 40-ஓடும் ஓடும். இரண்டு சாயத்துக்கும் நடுவில்தான் உங்கள் பட்டை. கீழ்ச்சாயத்தை ஜெல்லை விட்டு ஓடவிடாதீர்கள். நைலான் சவ்வில் மாற்றியபின் புற ஊதா ஒளிக்குப் பதில் ஈ.டி.சி. என்ற வேதிப்பொருள் கொண்டு ஆர்.என்.ஏ.வைச் சவ்வோடு இணைத்தால் உணர்திறன் பல மடங்கு கூடும்: 0.13 மோலார் மெத்தில் இமிடசோலில் (பிஎச் 8.0) 0.16 மோலார் ஈ.டி.சி., 60 டிகிரியில் 1 முதல் 2 மணி நேரம். ஈ.டி.சி. கரைசல் அன்றன்றைக்குச் செய்தது மட்டும். ஈரம் பட்ட பழைய பாட்டிலால் பயனில்லை. 159, 319 இரண்டின் வரிசையும் நெருக்கம் என்பதால் ஒன்றின் புரோப் மற்றதையும் பிடிக்கும். கழுவும் வெப்பத்தைக் கூட்டுங்கள்.

குறைந்தது ஆறு மைக்ரோ ஆர்.என்.ஏ. பாருங்கள், 159 அல்லது 319 அதில் ஒன்றாக இருக்கட்டும். பெரும்பாலான செடி முன்னோடிகளில் முதல் வெட்டு தண்டின் அடியில், கீழ்க் குமிழுக்கு (தண்டில் எழுத்துகள் ஜோடி சேராத இடம்) மேல் 15 முதல் 17 எழுத்துத் தொலைவில் விழுந்து மேலே போகிறது. 159, 319 இரண்டிலும் வெட்டு வளைவிலிருந்து கீழே இறங்குகிறது. ஒரு வகை மட்டும் பாதிக்கப்பட்டால், அதுவே உங்கள் புரதம் எங்கே பற்றுகிறது என்பதற்கான முதல் துப்பு. மேலும், ஹைல்1 இல்லாதபோதுகூடச் சில மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் அதிகம் குறைவதில்லை. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்ட முடியாது.

எண்களை வாசித்தல்

முன்னோடி ஏறி, முதிர்ந்தது இறங்கினால் அரவையில் கோளாறு: ஹைல்1, செரேட், டஃப் இல்லாத செடிகள் இப்படித்தான் காட்டும். இரண்டும் இறங்கினால் படியெடுப்பு குறைந்திருக்கலாம், அல்லது டாடில் போன, முன்னோடியே சிதையும் நிலையாக இருக்கலாம். இவ்விரண்டையும் பிரிக்க, அந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் புரொமோட்டரை மட்டும், நிறம் காட்டும் ஜி.யு.எஸ். மரபணுவோடு இணைத்துப் பாருங்கள். நிறம் மாறவில்லையென்றால் படியெடுப்பு சரி, சிதைவுதான் காரணம். முன்னோடி அசையாமல் முதிர்ந்தது மட்டும் இறங்கினால் நிலைப்பில் கோளாறு. அப்போது ஆர்.என்.ஏ.வைச் சோடியம் பெரியோடேட்டால் வினைப்படுத்தி, பிறகு காரத்தில் பீட்டா நீக்கம் செய்து ஜெல்லில் ஓட்டுங்கள். மெத்தில் உள்ளது அசையாது. மெத்தில் இல்லாதது ஓர் எழுத்து குறைந்து வேகமாக ஓடும். வேகமாக ஓடினால் ஹென்1 பக்கம் தேடுங்கள்.

வசதியான ஒரு கணக்கு உண்டு. முதிர்ந்ததின் மாற்றத்தை முன்னோடியின் மாற்றத்தால் வகுத்தால் வெட்டுத் திறன் குறியீடு கிடைக்கும். முன்னோடி 4 மடங்கு, முதிர்ந்தது 0.3 மடங்கு என்றால் 0.3 ÷ 4 = 0.075. படியெடுப்பு மட்டும் பாதியாகி, முன்னோடி 0.5, முதிர்ந்தது 0.5 ஆனால் குறியீடு 1. இந்த எண்ணை ஆறு மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கும் எழுதி வைத்தால், படம் தானாகத் தெளியும். ஒரே செடியின் மூன்று இலைகளை மூன்று மறுசோதனை என்று எண்ணாதீர்கள். குறைந்தது மூன்று தனிச் செடித் தொகுப்புகள் வேண்டும்.

சிறு ஆர்.என்.ஏ. வரிசை அறிதலுக்கு அனுப்புவதானால், பிரித்தெடுக்கும்போதே செடியில் இல்லாத செயற்கைச் சிறு ஆர்.என்.ஏ. ஒன்றைத் தெரிந்த அளவில் கலந்துவிடுங்கள். மைக்ரோ ஆர்.என்.ஏ. மொத்தமும் சரிந்த செடியில், மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் 24 நீள வகை 'ஏறியது' போலத் தோன்றும். ஏறியிருக்காது, மற்றவை குறைந்ததால் அதன் பங்கு பெருகியிருக்கும்.

வரிசைத் தரவு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது 5' முனை. ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ.வின் தண்டிலிருந்து வந்த மொத்தத் துண்டுகளில் எத்தனை சதவீதம் சரியான எழுத்தில் தொடங்குகின்றன என்று எண்ணுங்கள். கட்டுப்பாட்டுச் செடியைவிட அது கணிசமாகக் குறைந்தால், புரதம் துல்லியத்தைக் காக்கிறது என்று சொல்லலாம். பணம் இல்லையென்றால், வெட்டுப்பட்ட இடைத்துண்டின் 5' பாஸ்பேட்டில் ஆர்.என்.ஏ. இணைப்பி ஒட்டி, பெருக்கி, இருபது குளோன்களை வாசித்தாலும் வெட்டு எங்கே விழுந்தது என்று தெரியும்.

பற்றுகிறதா என்று காட்டுதல்

இதுவரை காட்டியது விளைவு. புரதம் முன்னோடியை நேரடியாகப் பற்றுகிறது என்று சொல்ல, இலையை 1 சதவீத ஃபார்மால்டிஹைடில் வெற்றிடத்தில் 10 முதல் 15 நிமிடம் வைத்து, 125 மில்லிமோலார் கிளைசினால் 5 நிமிடம் நிறுத்தி, உட்கருவைப் பிரித்து, புரதத்தின் எதிர்ப்பொருளால் இழுத்து, கூட வரும் முன்னோடியை அளக்க வேண்டும். ஒளிர்புரதம் மட்டும் உள்ள செடியிலும் இதையே செய்யுங்கள். டியூபுலின் செய்தி ஆர்.என்.ஏ. இரண்டிலும் ஒரே அளவு வர வேண்டும். அது கூடினால் கழுவல் போதவில்லை. நேரம் அதிகமானால் இணைப்பு இறுகி எதிர்ப்பொருள் எட்டாது. குறைந்தால் கழுவும்போது எல்லாம் போய்விடும். புதிய இலை வகைக்கு 5, 10, 15 நிமிடம் மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

ட்யூபுக்குள் பற்றைக் காட்ட ஈ.கோலையில் புரதம் தயாரித்தால், முதலில் அதன் 260/280 விகிதத்தைப் பாருங்கள். சுத்தமான புரதத்தில் அது 0.6-ஐ ஒட்டி இருக்கும். 1-ஐத் தாண்டினால் பாக்டீரியாவின் ஆர்.என்.ஏ.வைப் புரதம் ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் முன்னோடிக்கு இடம் இல்லை. நிக்கல் குழாயிலேயே 1 மோலார் சோடியம் குளோரைடால் நன்றாகக் கழுவி, பிறகு ஹெப்பாரின் குழாயில் ஏற்றுங்கள். பற்றுச் சோதனையில் போட்டிக்கு ஈஸ்ட்டின் கடத்து ஆர்.என்.ஏ.வைச் சேருங்கள். பாலி ஐசி வேண்டாம்: அது இரட்டை இழை, ஹைல்1 வகைப் புரதங்கள் வரிசை பார்க்காமல் இரட்டை இழையை எங்கும் பற்றும், உங்கள் பட்டை முழுவதும் அதனிடம் போய்விடும். வரிசை பார்க்காது என்பதாலேயே, அதே நீளமுள்ள, மைக்ரோ ஆர்.என்.ஏ. தராத வேறொரு கொண்டை ஊசி ஆர்.என்.ஏ.வையும் பக்கத்தில் ஓட்டுங்கள். அதையும் இதையும் ஒரே செறிவில் பற்றினால், ட்யூபில் கிடைத்த பற்றை வைத்து மட்டும் எதையும் எழுத வேண்டாம். இலையில் இழுத்த முன்னோடி எண்களை முதன்மைச் சான்றாக வையுங்கள்.